அழிக்க அழிக்க முளைத்த நகர்

பேயே நேரில் வந்து நின்றாலும் அலறாமல், "இதுக்கு என்ன டேக் போடுறது?" என்று தாடையைச் சொறிந்துகொண்டு யோசிக்கக்கூடிய ஒரே மனிதர் இந்த உலகத்தில் கண்ணால அண்ணன்தான். கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அப்படி ஒரு மத்தியானத்தில் நான் அவர் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அலறியது நான்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அந்தப் பெயரால் யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எதைச் சொன்னாலும் "கண்ணால பாத்தீகளா?" என்பார். "அண்ணே, உங்க வண்டி டயர்ல காத்து இல்ல" என்றால், "கண்ணால பாத்தீகளா?" "அண்ணி உங்களைத் தேடுறாங்களாம்" என்றால், "கண்ணால பாத்தீகளா?" கேள்வியே பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது. மருந்து கம்பெனியில் ரெப். கழுத்தில் டை, தோளில் கனத்த கறுப்புப் பை. திங்கள் முதல் சனி வரை டாக்டர்களின் வாசலில் காத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை மேப் வரைவார்.

போனில் கம்பெனிக்காரர்கள் தரும் மேப் இல்லை இது. ஊர் உலகத்தில் இருப்பவர்கள் சம்பளம் இல்லாமல், ஆசைக்குச் சேர்ந்து வரைகிற பொது மேப். யாரும் திருத்தலாம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். வரைகிற ஒவ்வொன்றுக்கும் இது கடை, இது கிணறு, இது கோயில் என்று ஒரு அடையாளம் ஒட்ட வேண்டும். அதற்குப் பெயர்தான் டேக். கண்டிப்பான விதிகளும் உண்டு. அடுத்தவர் மேப்பைப் பார்த்துக் காப்பி அடிக்கக்கூடாது, அது காப்பிரைட் குற்றம். தரையில் இல்லாததை வரையக்கூடாது. நாங்கள் இந்த விதிகளைக் கடைப்பிடித்தோம். கண்ணால அண்ணன் விரதம் இருந்தார்.

நான் அப்போது ஒரு கூரியர் அலுவலகத்தில் இருந்தேன். தப்பான முகவரிகளோடு நாளெல்லாம் மல்லுக்கட்டிய எரிச்சலில் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தேன். எங்களோடு காதர் பாய். கீழவாசல் பக்கம் செல்போன் கவர் கடை வைத்திருந்தார். ஞாயிறு காலை திருப்பரங்குன்றம் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் சேருவோம். அங்கே கண்ணால அண்ணனின் முதல் கேள்வி, "இந்த வாரம் யாரும் கம்பெனி மேப்பைப் பாத்துத் தொலைக்கலையே?"

அவர் பார்க்கவே மாட்டார். பார்த்தால் மனசில் கறை படிந்துவிடுமாம். பிறகு வரையும்போது தன்னை அறியாமல் அது கையில் இறங்கிவிடுமாம். ஒருநாள் மாட்டுத்தாவணியில் ஆட்டோ ஏறினோம். டிரைவர் போனில் கம்பெனி மேப் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை இறுக மூடியவர், இறங்கும் இடம் வரை திறக்கவில்லை. இறங்கும்போதும் திறக்கவில்லை. சாக்கடையில் கால் வைத்த பிறகுதான் திறந்தார்.

இன்னொரு தடவை ஒரு கல்யாணப் பத்திரிகை. பின்பக்கத்தில் மண்டபத்துக்குப் போகும் வழியைப் படமாகப் போட்டிருந்தார்கள். அது எங்கிருந்து எடுத்ததோ என்று மேலே வெள்ளைத்தாள் ஒட்டிவிட்டு, வழி விசாரித்தே போனார். போய்ச் சேரும்போது அண்டா கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"லேட்டானா என்ன பாய், நம்ம கை சுத்தமா இருக்கு" என்றார் பெருமையாக.

"சாப்பிடாத கை சுத்தமாத்தான் இருக்கும்" என்றார் காதர் பாய்.

டேக் விவகாரம் இதைவிட மோசம். ஜிகர்தண்டா கடைக்கு என்ன டேக் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு கடை வாசலிலேயே நின்று வாதாடினோம். குடிக்கிறோம், அதனால் பானக்கடை என்றேன் நான். மேலே ஐஸ்கிரீம் மிதக்கிறதே என்றார் பாய். கரண்டியால் கடைசியில் வழித்துத் தின்கிறோமே, அது எந்தக் கணக்கு என்றார் அண்ணன். கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "குடிக்கிறதுன்னா குடிங்கண்ணே, இல்லன்னா வெயிலை மறைக்காமத் தள்ளி நில்லுங்க" என்றார்.

இப்படிச் சிரித்துக்கொண்டு போயிருக்க வேண்டிய கதை. நடுவில் குளிர்மதி நகர் வந்தது.

ஒருநாள் மேப்பில், திருமங்கலம் தாண்டி டி. கல்லுப்பட்டி போகும் ரோட்டுக்கு உள்ளே, வெறும் பொட்டலாக இருந்த இடத்தில் ஒரு குடியிருப்பு முளைத்திருந்தது. வளைவு வளைவாகத் தெருக்கள். வரிசையாக வீடுகள். பூங்கா, பெஞ்சு, பால் பூத், நூலகம். பெயர் குளிர்மதி நகர். வரைந்தவர் யாரோ புதியவர். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்திருந்தார். வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் அங்கே கருவேல முள்ளும் மங்கலான சில கோடுகளும்தான் தெரிந்தன.

"படம் பழசா இருக்கும்ணே. புதுசாக் கட்டியிருப்பாங்க" என்றேன்.

"கண்ணால பாத்தீகளா?"

பார்க்கப் போனோம். அண்ணனும் பாயும் ஒரு வண்டி, நான் என் ஸ்கூட்டி.

ரோட்டிலிருந்து விலகி மண்பாதையில் ஒரு சின்ன ஓடைப்பாலம் தாண்டிப் போனால், கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு வளைவு நின்றது. "குளிர்மதி நகர் தங்களை அன்புடன் வரவேற்கிறது" என்று மேலே எழுதியிருந்தது. அதற்கு இடதுபுறம் ஒன்றுமில்லை, வலதுபுறம் ஒன்றுமில்லை, உள்ளேயும் ஒன்றுமில்லை. பிளாட் பிரித்து நட்ட கற்கள் மட்டும் வெள்ளை வெள்ளையாக, அடிவானம் வரை வரிசை பிடித்து நின்றன. காற்று வளைவுக்குள் புகுந்து வரும்போது யாரோ பெருமூச்சு விடுவதுபோல் ஒரு சத்தம்.

"யா அல்லா, கபர்ஸ்தான் மாதிரில்ல இருக்கு" என்றார் பாய். வண்டியை விட்டு இறங்கவில்லை.

நான் போனைக் கையில் பிடித்தபடி உள்ளே நடந்தேன். திரையில் நான் ஒரு தெருவில் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் வீடுகள். வெளியே முள். திரையில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தேன். வெளியே ஒரு ஓணான் என்னைப் பார்த்துத் தலையாட்டியது. யாரோ நம்மைப் பார்க்கிறார்கள் என்று முதுகில் ஒரு கூச்சம் வருமே, அது வந்தது. திரும்பினால் யாருமில்லை.

கண்ணால அண்ணனுக்கு அந்தக் கவலை எதுவும் இல்லை. "பாருங்க தங்கச்சி, இம்புட்டு சுத்தமா வளைவு எடுத்து ரோடு போட்ருக்கான்னா, எவனோ புரமோட்டரோட பிளானைக் காப்பி அடிச்சிருக்கான். காப்பிரைட்டு!" என்று கொதித்தார். அங்கேயே உட்கார்ந்து வீடுகளையெல்லாம் அழித்தார். பூங்கா போயிற்று, நூலகம் போயிற்று, பெஞ்சு போயிற்று. ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதினார்: 'கண்ணால பாத்தீகளா? தரையில் இல்லாததை வரைய வேண்டாம். தெருக்களை எதைப் பார்த்து வரைந்தீர்கள்?' பதில் வரவில்லை.

அடுத்த வாரம் பெஞ்சு மட்டும் மேப்பில் திரும்பி வந்தது.

"திமிரு" என்றார் அண்ணன். மறுபடி போனோம்.

பெஞ்சு இருந்தது. போன வாரம் வெறும் மண்ணாக இருந்த இடத்தில், மேப்பில் குறித்த அதே புள்ளியில், இரண்டு கல்லின்மேல் ஒரு பலகைக்கல். சிமெண்ட் பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் ஆள் நடமாட்டம் இல்லை. பாய் வாய்க்குள் ஏதோ ஓதினார். கண்ணால அண்ணன் பெஞ்சைத் தட்டிப் பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், எழுந்தார்.

"இருக்கு. அப்ப மேப்புல இருக்கலாம்" என்றார்.

"அண்ணே, இதை யாரு போட்டான்னு கேக்க மாட்டீங்களா?"

"யாரு போட்டான்னு டேக் கெடையாது தங்கச்சி."

அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. அண்ணன் அழிப்பார். அழித்தது தரையில் முளைக்கும். தெருப்பெயர் இல்லையே என்று 'சந்திரா தெரு' என்பதை அழித்தார். அடுத்த வாரம் அதே இடத்தில் ஒரு கம்பத்தில் நீலப்பலகை. அச்சில் வார்த்தது போன்ற எழுத்தில் சந்திரா தெரு. பால் பூத்தை அழித்தார். தகரமேஜை ஒன்று வந்தது, 'பால்' என்று எழுதி. பால் இல்லை. ஒவ்வொரு தடவையும் யாரோ பார்க்கும் அந்தக் கூச்சமும் வந்தது. காதர் பாய், "அண்ணே, எவனோ ஜின்னுகிட்ட வெளையாடுறோம்" என்றார். அண்ணன் அசரவில்லை.

அசரும் நாளும் வந்தது. மேப்பில், மூலை பிளாட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வீடு. அதன் பெயர் 'கண்ணால வீடு'.

டீக்கடையில் போனைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். டீ ஆறி ஆடை படிந்தது. அந்தப் பெயர் எங்கள் மூன்று பேருக்கு வெளியே மேப்பில் யாருக்குத் தெரியும்?

"நீங்க போட்டீகளா பாய்?"

"அண்ணே, எனக்கு அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கவே பயம். நான் போய் உங்களுக்கு அங்க வீடு கட்டுவேனா?"

அண்ணன் போனைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். ஆனாலும் விதி விதிதானே. அழித்தார். 'கண்ணால பாத்தீகளா?' என்று எழுதினார்.

அடுத்த ஞாயிறு அங்கே நாலு மூங்கில் நட்டு, தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை நின்றது. உள்ளே ஒரு ஸ்டூல். ஸ்டூல் பக்கத்தில் மண்பானை. மேலே கவிழ்த்த டம்ளர். பானை வெளிப்பக்கம் வியர்த்திருந்தது. அதாவது சற்றுமுன் நிரப்பியிருக்கிறார்கள். வெயில் தகரத்தில் 'டிக் டிக்'கென்று வெடித்தது. அது தவிர ஒரு சத்தமில்லை.

பாய்தான் தாகம் தாங்காமல் ஒரு டம்ளர் குடித்தார். குடித்துவிட்டு எங்களைப் பார்த்தார். "சில்லுனு இருக்கு" என்றார் அழாக்குறையாக.

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்தில் பார்சல்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டார்.

"தங்கச்சி, மேப்பைப் பாத்தீகளா?"

"இல்லண்ணே. என்ன?"

"மூலை பிளாட்டுல புதுசா ஒண்ணு போட்ருக்கான்."

"என்னது?"

"கல்லறை."

கையிலிருந்த பார்சலைக் கீழே வைத்தேன். "அழிச்சிட்டீங்களா?"

"அழிக்கலை" என்றார். "அழிச்சா அது முளைச்சுருமே தங்கச்சி."

தரையில் இல்லாத ஒன்றை, தெரிந்தே, மேப்பில் விட்டுவைத்திருந்தார் கண்ணால அண்ணன். அதைக் கேட்டபோதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பாய் கடை ஷட்டரை இறக்கிவிட்டு வந்தார். அண்ணன் டாக்டர் வாசலிலிருந்து டையோடும் பையோடும் நேரே வந்துவிட்டார்.

நாங்கள் வளைவுக்குள் நுழையும்போது உச்சிவெயில். தூரத்திலிருந்து 'சத்... சத்...' என்று சத்தம். மூலை பிளாட் பக்கம் ஆள் யாரும் தெரியவில்லை. ஆனால் தரையிலிருந்து கரிசல் மண் தானாக எழும்பிக் காற்றில் சிதறியது. நின்றது. மறுபடி எழும்பியது. நாங்கள் கிட்டே போகப் போக, நிலத்துக்குள்ளிருந்து கன்னங்கரேலென்று ஒரு தலை மேலே வந்தது.

அங்கேதான் நான் அலறினேன். பாய் எனக்கு முன்னால் வளைவு வரை ஓடிவிட்டு, என்னை விட்டுவிட்டோமே என்று திரும்பி வந்தார்.

கண்ணால அண்ணன் அசையவில்லை. தாடையைச் சொறிந்தார். "கல்லறைன்னா ஆள் உள்ள போகணும். வெளிய வந்துச்சுன்னா, இதுக்கு என்ன டேக் போடுறது?" என்றார்.

தலை கண்ணைத் துடைத்தது. "வாங்க தம்பி. நீங்கதான் கண்ணாலவா?"

அறுபது தாண்டிய மனிதர். மார்பளவுக் குழிக்குள் மண்வெட்டியோடு நின்றார். மேலெல்லாம் மண். அண்ணன் குழியோரம் குந்தி உட்கார்ந்து மெதுவாகக் கேட்க, அவரும் மெதுவாகச் சொன்னார். அவர் டிராஃப்ட்ஸ்மேன். இந்த மனைப்பிரிவின் பிளானை வரைந்ததே அவர்தான். வரைந்த கையோடு மூலை பிளாட்டை அவரே வாங்கினார். மனைவி சந்திராவுக்கு மூலை பிளாட்தான் பிடித்திருந்ததாம், இரண்டு பக்கமும் காற்று வரும் என்று. அப்புறம் நிலத்தின்மேல் வழக்கு, கோர்ட்டு தடை. ஒரு வீடும் வரவில்லை. போன வருஷம் அந்த அம்மா போய்விட்டார்.

"பிளான்ல இருந்ததையெல்லாம் உங்க மேப்புல போட்டேன் தம்பி. அதுலயாச்சும் இருக்கட்டுமேன்னு. நீங்க வந்து இது இல்ல, அது இல்லன்னு அழிச்சுட்டீக. அதுக்கு எப்படிப் பதில் எழுதுறதுன்னு எனக்குத் தெரியலை. அதான் பெஞ்சைப் போட்டுட்டேன்."

"நாங்க வாரப்ப எங்க இருப்பீக?"

"அந்தப் பாலத்துக்கு அடியில. நீங்க கோர்ட்டு ஆளோன்னு பயம். குறிப்புக்குக் குறிப்பு 'கண்ணால'ன்னு எழுதுறீகளா, அதான் பேருன்னு நெனச்சேன். வெயில்ல நிக்கிறீகளேன்னு அந்தக் கொட்டகை."

பாயும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இந்தக் குழி?" என்றார் அண்ணன்.

"எனக்குத்தான். மாத்திரையெல்லாம் நிப்பாட்டிட்டேன். நெஞ்சு ரெண்டு நாளா அடைக்குது. வழக்கம்போல நீங்க அழிப்பீக, நான் போட்டுருவேன்னு பாத்தேன். நீங்க அழிக்கலை. சரின்னு நானே தோண்ட ஆரம்பிச்சுட்டேன்."

அவர் அதைச் சொன்ன விதம் சாதாரணமாக இருந்தது. பெஞ்சைப் போட்டதைச் சொன்ன அதே குரல்.

கண்ணால அண்ணன் குழியை எட்டிப் பார்த்தார். "ஐயா, கல்லறைன்னு டேக் போட்டா உள்ள ஒருத்தர் அடங்கியிருக்கணும். இதுல யாரு அடங்கியிருக்கா?"

"இன்னும் இல்ல."

"அப்ப இது கல்லறை இல்ல. வெறும் குழி. வெறும் குழியை நாங்க மேப்புல ஏத்துறதில்ல."

"இன்னும் கொஞ்ச நாள்தான் தம்பி..."

"வரப்போறதைப் போடக்கூடாது ஐயா! இருக்கிறதைத்தான் போடணும். இப்ப என்ன இருக்கு? நீங்க இருக்கீக. மூச்சு இருக்கு. கண்ணால பாக்குறேன்ல?"

அந்த மனிதர் மறுபடி மண்வெட்டியைத் தூக்கினார். அண்ணன் பையைக் கழற்றி என்னிடம் தந்தார். டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளினார். பொத்தென்று குழிக்குள் குதித்து, அவர் வெட்டுகிற இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிங்க தம்பி. பேன்ட்டெல்லாம் மண்ணாவுது."

"நீங்க டாக்டர்கிட்ட வாரேன்னு சொல்லுங்க, எந்திரிக்கிறேன். ஊர்ல இருக்கிற நெஞ்சு டாக்டர் அம்புட்டுப் பேர் வாசல்லயும் நான் வருசக்கணக்கா ஒக்காந்திருக்கேன். டோக்கன் இல்லாம உள்ள விடுவாங்க. இல்லையா, ரெண்டு பேரும் இங்கனயே ஒக்காருவோம். ரெண்டு பேரு உயிரோட ஒக்காந்திருக்கிற குழிக்கு என்ன டேக்குன்னு நானும் யோசிக்கணும்."

வெயில் தலைக்குமேல் நின்றது. அந்த மனிதரின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கொஞ்ச நேரம் எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான். மண்வெட்டி கையிலிருந்து நழுவியது. "சரி, வாரேன்" என்றார்.

இரண்டு பேரையும் மேலே ஏற்றுவதற்குள் காதர் பாயின் சட்டை கிழிந்தது. அன்று சாயங்காலமே அந்த ஐயா டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒரு வாரம் தள்ளியிருந்தால் சொல்வதற்கில்லை என்றாராம் டாக்டர்.

தேறி வந்த மறுவாரமே ஐயா எங்கள் டீக்கடைக்கு வந்துவிட்டார். வந்தவரிடம் கண்ணால அண்ணன் கேட்ட முதல் கேள்வி உடம்பு எப்படி இருக்கிறது என்பதல்ல. "ஐயா, அந்தத் தெருவெல்லாம் பிளானைப் பாத்துத்தானே போட்டீக? அது காப்பிரைட்டு."

"தம்பி, பிளானை வரைஞ்சதே நான்தான்!"

"வரைஞ்சது நீங்க. வரையச் சொன்னது கம்பெனி. உரிமை அவுகளுக்கு."

"அந்தக் கம்பெனியே இப்ப இல்ல!"

"ஆள் இல்லன்னா உரிமை இல்லன்னு ஆயிருமா?"

டீ ஆற ஆறச் சண்டை போட்டார்கள். கடைசியில் தெருக்கள் அத்தனையையும் அழித்துவிட்டு, போனைக் கையில் பிடித்தபடி ஒவ்வொரு தெருவாக நடந்து புதிதாக வரைவது என்று முடிவானது. நாலு பேரும் முள்ளுக்குள் நடந்தோம். நடந்து வரைந்த கோடு, ஐயாவின் பழைய கோட்டின்மேல் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. "பாத்தீகளா" என்றார் ஐயா. "பாக்கலை. பாத்தா காப்பியாயிரும்" என்றார் அண்ணன், முகத்தைத் திருப்பிக்கொண்டு. குழியை அதற்கு முன்பே மூடியிருந்தோம். ஒரே மண்வெட்டி என்பதால் மீதிப் பேர் கையாலேயே தள்ளினோம்.

குளிர்மதி நகரில் இன்றுவரை வீடு வரவில்லை. ஆடு மேய்க்கிறவர்கள் பெஞ்சில் படுத்துக் கிடக்கிறார்கள். பானையில் ஐயா தண்ணீர் ஊற்றி வைக்கிறார்.

கண்ணால அண்ணன் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அவ்வப்போது போன் செய்வார். பேச்செல்லாம் முடிந்து வைக்கும் நேரத்தில், "தங்கச்சி, மதுரைல மழையா?" என்பார்.

"போன்லயே போட்டிருப்பானேண்ணே."

"போட்டிருப்பான். நீங்க சொல்லுங்க."

நான் எழுந்து போய்ச் சன்னலைத் திறந்து, கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்கிறேன். அதுவரை அவர் காத்திருக்கிறார்.